காலையில் என்ன சாப்பிட்டாய்?



கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு. முதல் திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்புகள் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். அருட்சகோதரி ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் திறந்ததும் சர்க்கரை கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நாமும் பதறிப்போய் அருகில் சென்று, "காலையில் என்ன சாப்பிட்டாய், பாப்பா?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் சாப்பிடலை, ஃபாதர்."

"ஏன்?"

"நன்மை வாங்கணும்ல, ஃபாதர்."

நற்கருணைமீது அந்தப் பிள்ளைக்கு இருந்த மரியாதை நம்மைத் தொட்டது. ஆனால் நாம் அதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் கூடவே வந்தது. மேலும் விசாரித்தபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, வாரத்தில் பாதி நாள்கள் அவள் வெறும் வயிற்றோடுதான் பள்ளிக்குப் போகிறாள் என்பது தெரிந்தது.

அன்று மாலையே அவளுடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கோவில் வாசலில் யாரோ, "பெத்தவ வீட்டுல என்னதான் பண்ணுறா?" என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அவர் ஒரு நூற்பாலையில் முதல் ஷிப்ட் வேலை செய்கிறவர். "நாலரைக்கு எந்திரிக்கிறேன், சாமி. சோறு வடிச்சு, ஒரு குழம்பு வச்சு, நாலு டப்பா கட்டிட்டுத்தான் வேனுக்கு ஓடுறேன். அதுக்கு மேல இட்லி அவிச்சு, சட்னி அரைச்சு வைக்க எனக்கு எங்க சாமி நேரம்?" என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினோம். ஆனால் அவர் சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. விடியுமுன் அந்த வீட்டில் ஒரு பானைச் சோறு வெந்துவிடுகிறது. குழம்பும் கொதித்து இறங்கிவிடுகிறது. அத்தனையும் இருக்க, அந்த வீட்டுப் பிள்ளை பசியோடு கிளம்புகிறது. காரணம் என்ன? அந்தச் சோறு மதியத்துக்கு உரியது. காலைக்கு என்று 'டிபன்' வேண்டும். டிபன் செய்ய நேரமில்லை. ஆகவே ஒன்றும் இல்லை!

முதலில் நற்கருணை நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் காலத்தில் நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடப் பருகாமல் இருந்து நன்மை வாங்கினார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953-இல் அந்த ஒழுங்கைத் தளர்த்தி, 1957-இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்று வரையறுத்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 நவம்பரில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்றும் திருச்சபைச் சட்டம் 919 கேட்பது இவ்வளவே: நற்கருணை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உணவும் பானமும் தவிர்க்க வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. திருப்பலி தொடங்குவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு முடித்தாலே, நற்கருணை வழங்கும்போது ஒரு மணி நேரம் கடந்திருக்கும். (நமது மறையுரை நீளும் நாள்களில் இன்னும் தாராளமாகவே கடந்திருக்கும்!) சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கோவிலுக்கு வரும் பெரியவர்கள் இதைக் கருத்தாய்க் கவனிக்க வேண்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். மற்ற ஆறு நாள்களுக்கு?

நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் காலை நேரம் எப்படி விடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்ட காலந்தொட்டு இது ஆலை ஊர். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் சத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி, பால்கோவா வேலை. சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளின் வேன்கள் இருள் பிரியுமுன்னே தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கின்றன. அந்த ஹாரன் சத்தத்துக்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும். வீடு சந்திப்புக்குச் சென்றபோது சில மாதங்கள் எல்லா வீடுகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம்: "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" டீயும் பன்னும், டீயும் ரஸ்க்கும், பாக்கெட் நூடுல்ஸ், கடையில் வாங்கிய நாலு இட்லியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது என்று பல பதில்கள் வந்தன. தாய்மாரைத் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நமக்கு ஒரு டீ போதும், சாமி."

சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தப் பசியை அரசே கண்டுகொண்டது. நம் விருதுநகர் மண்ணில் 1903-இல் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர், முதல்வராக இருந்தபோது 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். காலை உணவு வருவதற்கு 2022 செப்டம்பர் 15 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் அது 31,008 அரசுப் பள்ளிகளை எட்டியது. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று விரிவுபடுத்தப்பட்டபோது, தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பள்ளியில். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று வந்தபோது, விழா நடந்தது சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். இரண்டும் நம் கத்தோலிக்கப் பள்ளிகள் என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

இத்திட்டத்தில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வயது ஒன்று கூடுகிறது, பசியும் கூடுகிறது, ஆனால் அந்தத் தட்டு அவனுக்குக் கிடைப்பதில்லை. மயங்கி விழுந்த நம் சிறுமி ஏழாம் வகுப்பு. இரண்டாவது செய்தி, அந்தச் சமையல் முறை. இத்தனை ஆயிரம் பள்ளிகளுக்குச் சமைக்கத் திட்டமிட்டவர்கள் இட்லி, தோசையைப் பட்டியலில் வைக்கவே இல்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார் என்றே வகுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதனுடன் காய்கறி என்பது கணக்கு. நம் வீட்டில் நான்கு பேர் என்றால் 200 கிராம் ரவையும் 60 கிராம் பருப்பும்தான்! ஒரே பாத்திரத்தில் வேகும் உணவு நாட்டின் பிள்ளைகளுக்குப் போதும் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போதாதா?

டிபன் என்ற எண்ணமே நம் வீடுகளுக்குப் பிந்தி வந்ததுதான். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும், நம் வீடுகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும்தான். மற்ற நாள்களில் காலை உணவு என்பது நீராகாரம், பழைய சோறு, கம்மங்கூழ், கேப்பைக் கூழ். அதைக் குடித்துவிட்டுத்தான் காட்டு வேலைக்குப் போனார்கள். பின்னாளில் பழைய சோறு என்பது ஏழ்மையின் அடையாளம் ஆயிற்று. பண்ணையாரின் வீட்டுக் கொல்லையில் கூலியாளுக்கு ஊற்றிய உணவு என்ற கசப்பும் அதில் சேர்ந்தது. அந்த வலியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த நினைவோடு வளர்ந்த ஒரு தாய், "எம்பிள்ளையாவது இட்லி தின்னட்டும்" என்று விரும்புவது நியாயமே. ஆனால் அந்த விருப்பத்தினாலேயே பிள்ளை பட்டினியாகப் போவது நியாயமா?

ஆகவே அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசத் தொடங்கினோம். நாம் குருமடத்தில் கற்றது இறையியல், சமையல் அல்ல. பின்வருபவை எல்லாம் நம் பங்கின் தாய்மார்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவை. பங்கு இல்லத்து அடுப்பில் நாமும் செய்து பார்த்தோம். ஓரிரு முறை அடி பிடித்தது உண்மை.

மிக எளியது, அதிகாலையில் வடித்த அந்தச் சோறேதான். டப்பாக்களுக்குச் சோறு எடுத்து வைக்கும்போதே, அதில் இரண்டு கரண்டியைத் தட்டில் போட்டு, வெந்த பருப்பும் கொஞ்சம் நெய் அல்லது நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து வைத்தால் காலை உணவு ஆயிற்று. தயிர் விட்டுப் பிசையலாம். பருப்பு வேகும் குக்கரிலேயே நன்றாகக் கழுவிய இரண்டு முட்டைகளையும் ஒரு கிண்ணத்தில் வைத்தால் தனியாக அடுப்பு வேண்டியதில்லை. "காலங்காத்தால சோறா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் இன்றுவரை காலையில் சோறுதான் உண்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நம் பங்கில் ஒரு சிறுவனுக்கு அந்த ஒரு செய்தியே போதுமானதாயிற்று.

அடுத்தது பழைய சோறு. இரவு மீந்த சோறு நன்றாக ஆறியதும், அது மூழ்கும்வரை சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். மண்சட்டியானால் நல்லது. எட்டு மணி நேரத்தில் இலேசாகப் புளித்துவிடும். மோரை இரவில் விடக்கூடாது, காலையில்தான் விட வேண்டும். இல்லையேல் நம் ஊர் வெயிலுக்கு மிகவும் புளித்துப்போகும். உப்பு, நாலு சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலை அல்லது முந்தைய நாள் குழம்பு. பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள்; புளிப்பு அந்த உலோகத்தைத் தின்னும்.

கேப்பைக் கூழை இரவிலேயே காய்ச்சி வைத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஒரு கப் கேப்பை மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காலையிலேயே வைத்துவிட்டால் மாலைக்குள் புளித்துவிடும். இரவில் கைப்பிடி நொய்யரிசியை நான்கு கப் தண்ணீரில் வேகவைத்து, கரைத்த மாவை ஊற்றி, அடுப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால், காலையில் மோர் விட்டுக் கரைத்து ஆளுக்கொரு டம்ளர். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர்தான் நம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் பால் வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளும் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இது பெரிய உதவி. கம்பு மாவு வாங்குவோர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். சில வாரங்களிலேயே கசந்துவிடும். நம் மாவட்டத்தில் விளையும் குதிரைவாலி, சோற்றைவிட விரைவாக வேகும். ஒரு கப் குதிரைவாலிக்குக் கால் கப் பாசிப்பருப்பும் நான்கு கப் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் வைத்து, மிளகு, சீரகம் தாளித்தால் பொங்கல். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் தாத்தா பாட்டிமாருக்கு எல்லா ஆண்டும் அதுவாகத்தான் இருந்தது!

அப்படியானால் இட்லி வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சனிக்கிழமை மாலை ஒரு முறை ஆட்டினால், குளிர்பெட்டி உள்ள வீட்டில் புதன்வரை தாங்கும். அன்றன்றைக்கு வேண்டிய மாவை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். நேரத்தைத் தின்பது இட்லி அல்ல. அதைக் கொப்பரையில் வைத்துவிட்டால் பத்து நிமிடம் தானே வேகும். நேரத்தைத் தின்பது சட்னியும் சாம்பாரும்தான். உளுந்து ஒரு கப், கடலைப்பருப்பு அரை கப், மிளகாய் வற்றல் பத்துப் பன்னிரண்டு, எள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, பெருங்காயம் சேர்த்து வறுத்துப் பொடித்து வைத்தால் ஒரு மாதத்துக்கு அந்தக் கவலை இல்லை. மாவு ஆட்ட முடியாதவர்கள் தெருவில் மாவு ஆட்டி விற்கும் சகோதரியிடம் வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. அவருக்கும் ஒரு பிழைப்பு.

பாக்கெட்டில் வரும் மால்ட் பவுடர்களைப் பற்றிப் பலர் கேட்டார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் அவற்றை விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்புறம் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பதை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாய்மாரின் அந்த 'ஒரு டீ' நமக்கு மிகுந்த கவலை தருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். டப்பா கட்டும்போது நான்கோடு ஐந்தாவதாக ஒரு சிறு டப்பா, அது அம்மாவின் காலை உணவுக்கு. வேனில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருப்பவரும் சாப்பிடாதவராகத்தான் இருப்பார்.

இந்த இடத்தில் ஆண்களோடு கொஞ்சம் பேச வேண்டும். அன்னையர் தினத்திலும் திருமணத் திருப்பலிகளிலும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை எடுத்து, இருள் நீங்குமுன் எழுந்து வீட்டாருக்கு உணவளிக்கும் பெண்ணை நாம் புகழ்ந்திருக்கிறோம். எத்தனையோ முறை! யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை வைத்து ஆண்களுக்கு ஒரு முறையாவது பேசினோமா? திபேரியக் கடலில் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்துபோன சீடர்கள் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கரியால் தீ மூட்டி, மீன் வைத்து, அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். மூன்று முறை தம்மை மறுதலித்த பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்வி அவருக்கு இருந்தது. ஆனாலும் முதலில் சாப்பிட அழைக்கிறார். அவர்கள் உண்ட பிறகே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். வேலை முடிந்து களைத்து வந்தவர்களுக்குக் காலை உணவு சமைத்தவர் நம் ஆண்டவர். அவரைவிட நமக்கு என்ன கௌரவம்?

இரவில் கூழ் கிண்டுவதற்கோ, கடலை ஊறப்போடுவதற்கோ, இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதற்கோ பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஷிப்ட் போகும் கணவர் காலையில் வீட்டில்தான் இருக்கிறார். கல்லூரிக்குப் போகும் மகன் எட்டு மணிவரை தூங்குகிறான். நாம் இதை அன்பியத்தில் சொன்னபோது சில ஆண்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "எங்க வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது, சாமி" என்றார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

அச்சிறுமியின் வீட்டில் இப்போது அண்ணன்தான் ஆறரை மணிக்குக் கொப்பரையை அடுப்பில் வைக்கிறான். முதல் வாரம் நீர் ஊற்ற மறந்து கொப்பரையைக் கருக்கிவிட்டானாம். மாவு இல்லாத நாள்களில் பருப்புச் சோறு. அவளும் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பங்கிலும் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக்குச் செல்லுமுன் பிள்ளைகள் அனைவருக்கும் கேப்பைக் கூழோ சுண்டலோ வழங்குகிறோம். வாரம் ஓர் அன்பியம் பொறுப்பு. சமைப்பது அந்த அன்பியத்து ஆண்கள் மட்டுமே என்பது ஒழுங்கு. பிள்ளைகள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவர வேண்டும். வரும் ஞாயிறு கொண்டைக்கடலைச் சுண்டல். சனிக்கிழமை இரவே மறவாமல் ஊறப்போடும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சென்ற முறை மறந்துபோய், விடியற்காலையில் வெந்நீரில் ஊற வைத்துச் சமாளித்ததில், பிள்ளைகள் பாதிக் கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.